மன்றத்து விளக்கு

விடிந்ததிலிருந்து இருசம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பைப் பார்த்தாள், ரோட்டுக்கு ஓடினாள், சங்கராபுரம் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். நாளெல்லாம் கரும்பு வெட்டினாலும் கால் இப்படிக் கடுக்காது.

தாயருள் மன்றத்தின் ஊர்க்கிளைக்கு அவள்தான் தலைவி. ஊர்க் கோயிலில் வெளியே நின்றே கும்பிட்டுப் பழகியவள். எட்டு வருஷத்துக்கு முன்பு அவள் கையில் பித்தளை விளக்கைக் கொடுத்து, 'நீயே ஏற்று' என்றது இந்த மன்றம்தான். இப்போது அந்த விளக்குக்கே ஆபத்து. ஆடிக் கூழோடு கருவாட்டுக் குழம்பு ஊற்றக் கூடாது, மீறினால் விளக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று தலைமை மன்றம் கடிதம் போட்டிருந்தது. எழுதிய புண்ணியவான் ஒருநாள் வெயிலில் களை பறித்திருந்தால் கூழுக்கு எது வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

இன்றைக்குப் பார்வையிட ஆள் வருவதாகத் தலைமை மன்றத்திலிருந்து போன் வந்தபோது, சரி சரி என்றுதான் சொல்லிவைத்தாள். ஆனால் கொழுந்தன் அம்மாசி காலையிலேயே கருவாட்டைக் கழுவிக் குழம்பில் போட்டுவிட்டான்.

"கருவாடு இல்லாம ஆத்தாளுக்கே கூழு எறங்காது, அண்ணி."

பதினொரு மணிக்கு மேற்பார்வையாளர் தீனதயாளன் வந்தார். கிளை தொடங்கிய அன்று, 'பிரசாதத்தை இரண்டு கையாலும் வாங்க வேண்டும்' என்ற முதல் விதியைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஆளுக்கு முன்னால் அவர் மூக்கு வந்து சேர்ந்தது.

"இன்னாம்மா இது? லெட்டர் வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு சார்."

"அப்புறம்? சட்டிய எடுக்கறியா, வெளக்க நான் எடுக்கட்டுமா?"

வரிசையில் பாத்திரங்களோடு நின்ற பெண்கள் அவளையே பார்த்தார்கள். சட்டியை எடுத்தால் நாளைக்கு மன்றத்துக்கு யார் வருவார்கள்? விளக்கைக் கொடுத்துவிட்டால் இவள் யார்? பயமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. பூவால் விளக்கைக் குளிரவைத்து, எண்ணெயை வடித்து, முந்தானையால் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். அழுகை வந்தது, அடக்கவில்லை.

விளக்கோடு அவர் கிளம்பினார்.

"சார், ஆத்தாளுக்குப் படைச்ச கூழு. குடிச்சிட்டுப் போங்க." சொம்பை நீட்டினாள். "கருவாடு வேணாம், வெங்காயம் வெச்சிருக்கேன்."

அவர் ஒரு கையை நீட்டினார். அவள் சொம்பை விடவில்லை.

"ஒத்தக் கையாலயா சார்? நீங்கதான மொத விதி சொல்லிக்குடுத்தீங்க?"

வரிசை மொத்தமும் அவரைப் பார்த்தது. படைத்ததை வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. விளக்கை அது முன்பு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் சொம்பை வாங்கினார்.

அவர் குடித்து முடிக்கும்வரை இருசம்மாள் காத்திருக்கவில்லை. எண்ணெயை ஊற்றித் திரியைப் போட்டாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது குச்சியில் விளக்கு பற்றிக்கொண்டது.