ரெண்டு வார்த்தை

ஊர் விட்டு ஓடி வந்தவர்களுக்கு அந்தக் கூடத்தில் முதலில் கிடைப்பது சூடான சாப்பாடு, அடுத்தது துவைத்த துணி. துணி அவள் பொறுப்பு. பின்னறையில் சலவை இயந்திரங்கள் நாளெல்லாம் உறுமிக்கொண்டிருக்கும். எல்லாருக்கும் அவள் சலவை அக்கா.

துணியை வாங்கும்போது குழந்தையின் காலுறையைக்கூட ஜோடியாகச் சேர்க்கமாட்டாள். ஒவ்வொன்றையும் தனி உருப்படியாகத்தான் எண்ணுவாள்.

"ஏம்மா, எறும்பு சட்டை போட்டா அதையும் எண்ணுவியா?" என்பார் சமையல் அண்ணன்.

"கொண்டு வாங்கண்ணே, எண்ணுறேன்."

ஏன் இப்படி என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

அவள் கடல் தாண்டி வந்தபோது, இருட்டுக் கரையில் ஒருவன் முகத்தில் டார்ச் அடித்து, ஆட்களை எண்ணிப் படகில் ஏற்றினான். உருப்படிக்கு ஒரு லைஃப் ஜாக்கெட். கைக்குழந்தைக்கும் ஒன்று கேட்டாள். "மடியில வச்சுக்கோம்மா. உருப்படியில சேராது" என்றான். டார்ச்சுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. குரல் மட்டும்தான்.

எதிர்க்கரை விளக்குகள் தெரிகிற தூரத்தில் படகு கவிழ்ந்தது. கணவன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி மகளுக்கு மாட்டினான். பெரிய ஆளுக்கான ஜாக்கெட். குழந்தை அதிலிருந்து நழுவிப் போனாள். அவன் மகள் பின்னாலேயே போனான். ஜாக்கெட் மட்டும் மிதந்தது.

இந்த மழைக்காலத்தில் புதிதாக ஒருவர் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். அவரும் தஞ்சம் கேட்டு வந்தவர்தான். வந்த வேகத்தில் வரிசையை ஒழுங்கு பண்ணுவது, பாய் போடுவது, வண்டி பிடிப்பது என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ததால் மேஸ்திரி என்று பெயர் விழுந்தது. கூடத்தை நடத்தும் டீச்சருக்கு அவர் வலது கை. அவளுக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. ஈரத்துணி மூட்டையை அவர் அவளைத் தூக்க விட்டதே இல்லை.

ஒருநாள் மருத்துவமனைக்குப் போக வேன் வந்து நின்றது. மேஸ்திரி ஆட்களை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு தாய் தன் பிள்ளைக்கும் ஓர் இருக்கை கேட்டாள்.

"மடியில வச்சுக்கோம்மா. உருப்படியில சேராது."

சலவை அறை ஜன்னலில் நின்றிருந்தவளின் கையிலிருந்து வாளி விழுந்தது. அந்த நொடியிலிருந்து அவளுக்கு அவர் இல்லை, அவன்.

கழுத்தைப் பிடித்திருக்கலாம். டீச்சரிடம் ஓடியிருக்கலாம். டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு, இருவரையும் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சத்தமில்லாமல் முடித்துவிடுவார். அது அவளுக்கு வேண்டாம். கரை தெரிகிற நேரத்தில் கவிழ வேண்டும் அவன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் சட்டைகளை மற்றவர் சட்டைகளைப் போலவே துவைத்தாள், கறை போகத் துவைத்தாள்.

அவனுடைய தஞ்ச மனு விசாரணை நாள் நெருங்கியது. அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. விசாரணைக்கு முன் எல்லாரும் கூடுவார்கள். அந்த ஆளுக்காகச் சாட்சி சொல்லச் சம்மதிப்பவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார்கள். நின்றவர்கள் அத்தனை பேரும் அதிகாரி முன் கூடவே போவார்கள். யாரும் நிற்காமல் தனியாகப் போன எவரும் இதுவரை தஞ்சம் வாங்கித் திரும்பியதில்லை.

அவன் அவளைத் தேடி வந்தான்.

"அக்கா, நீங்க சொன்னா இங்க மறுபேச்சு கிடையாது. எனக்காக ரெண்டு வார்த்தை பேசணும்."

"ரெண்டே வார்த்தைதானே தம்பி? கண்டிப்பா பேசறேன்."

கூட்டத்தன்று டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் நாற்காலிகள் கரகரத்தன. கூடமே எழுந்து நின்றது. சமையல் அண்ணன் கரண்டியோடு நின்றார். அவன் கண்ணில் நீர். கும்பிட்டபடியே அவளைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் நடுவில் வந்து நின்றாள். கரையில் கேட்ட அதே இழுப்பில், அதே அலுப்பில் சொன்னாள்:

"உருப்படியில சேராது."

அவன் கை இறங்கியது. டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அங்கே பாதிப் பேர் அந்தக் கரை வழியாக வந்தவர்கள். கரண்டி தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

"டேய், டார்ச்சு!" என்றார் சமையல் அண்ணன். "நீயாடா அது?"

"மேல இருக்கிறவங்க சொன்னதைத்தானேண்ணே செஞ்சேன்... நான் வெறும் எண்ணுற ஆள்..."

"என் மகளை எண்ணலையே நீ" என்றாள் அவள்.

டீச்சர் அவள் தோளைத் தொட்டார். "அம்மா, பழசு... மன்னிச்சு விட்டுடலாமே."

"உங்க பிள்ளை வீட்டுல இருக்கு டீச்சர். நீங்க மன்னிச்சுக்கோங்க."

வேனில் இருக்கை கேட்ட தாய்தான் முதலில் உட்கார்ந்தாள், பிள்ளையைப் பக்கத்து நாற்காலியில் தனியாக உட்கார வைத்துவிட்டு. பிறகு சமையல் அண்ணன். பிறகு வரிசை வரிசையாக எல்லாரும். கடைசியில் டீச்சரும் தலை குனிந்து உட்கார்ந்தார். அவளும் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். அவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். அவள் அதைக் கண் நிறையப் பார்த்தாள். இத்தனை காலமும் நெஞ்சில் கிடந்த ஈரத்துணியை யாரோ முறுக்கிப் பிழிந்ததுபோல் இருந்தது.

அவன் சலவை அறை வாசல் வரை பின்னாலேயே வந்தான்.

"அக்கா, தனியா போனா திருப்பி அனுப்பிடுவாங்க. அங்க என்னை விட்டு வைக்கமாட்டாங்க. நீங்க ஒரு ஆள் கூட வந்தாப் போதும். நான் எங்க போவேன்?"

அவள் அவன் சட்டைகளை இயந்திரத்திலிருந்து எடுத்து, பிழியாமல், சொட்டச் சொட்ட அவன் கையில் வைத்தாள்.

"யார் மடியிலயாவது உட்காந்துக்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.