அறிக்கையில் விட்டுப்போன வரி

முதலாளி ராகவேந்திரன் திங்கட்கிழமை காலையில் கேட்டார். வியாழக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும்: அந்த டூலை வாங்கலாமா, வேண்டாமா.

தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் ஹம்சாவுக்கு அது ஒன்பதாவது வருஷம். நர்சிங் ஹோம்களுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிற பதினோரு பேரில் அவள்தான் சீனியர். போன வாரம் பம்பாயிலிருந்து டை கட்டிய இருவர் வந்து, புரோகிராம் எழுதுகிற வேலையைச் சுருக்கும் புது டூல் ஒன்றைக் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஹம்சாவின் ஆட்கள் பத்து நாள் மல்லுக்கட்டி எழுதும் ஸ்க்ரீன் இருபது நிமிஷத்தில் தயாரானது. ராகவேந்திரன் கை தட்டாத குறைதான்.

"விலை எனக்குத் தெரியும். அவங்க சொல்லாம விட்டது என்னென்னன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க," என்றார் ஹம்சாவிடம்.

அந்த நேரத்திலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க நர்சிங் ஹோம்களுக்குப் போன் போட்டாள். இருபத்திரண்டில் பதினேழு இடங்களில் இருந்த கம்ப்யூட்டர்கள் இந்த டூலில் எழுதியதைத் தாங்காது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு மட்டுமில்லை, அதை ஓட்டுகிற ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். இதையெல்லாம் குறித்துக்கொண்டாள். கை எழுதியதே தவிர, மனசு எங்கோ அலைந்தது.

புதன்கிழமை அடையாறுக்குப் போனாள். முன்பு இவளுடன் வேலை பார்த்த இனாயத் அங்கே ஒரு கம்பெனியில் இருந்தான். அவர்கள் இதே டூலை வாங்கி ஒன்றரை வருஷமாகிவிட்டது.

"டூலைக் குத்தம் சொல்ல மாட்டேன் ஹம்சா," என்றான் இனாயத், கேன்டீனில் டீயை ஆற்றியபடி. "டெமோல காட்டுன மாரியே சரசரன்னு வந்துச்சு. அப்புறம் ஒரு கஸ்டமர், பில்லுல ரெண்டாவது பக்கத்துலயும் பேர் வரணும்னு கேட்டாரு. அவ்ளோதான் கேட்டாரு. டூல் அதைச் செய்யாது. பம்பாய்க்கு ஃபேக்ஸ், அங்கேந்து அமெரிக்காவுக்கு ஃபேக்ஸ். பதினோரு வாரம் கழிச்சுப் பதில் வருது, அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்னு. நாம எழுதுனதுதான், ஆனா நம்ம கையில இல்ல."

"கஸ்டமர்?"

"போயிட்டாரு. அது பரவாயில்ல. டிரெய்னிங்குக்கு ஆறு பேர அனுப்புனோம். நாலு பேரு இப்ப அமெரிக்காவுல. பேப்பர்ல விளம்பரம் பாக்குறீங்கல்ல? அந்த டூல் பேரைச் சொன்னா விசா ரெடி. யாரையும் தப்பு சொல்ல முடியாது. எனக்கு வாப்பா ஒடம்பு சரியில்ல, இல்லன்னா நானும் போயிருப்பேன்."

ஹம்சா டீயைக் குடிக்காமல் வைத்தாள். அந்த விளம்பரம் ஒன்றை வெட்டி மூன்று வாரமாகக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். டூலை வாங்கினால் பம்பாய்க்குப் பயிற்சிக்குப் போகிறவர்கள் என்று ராகவேந்திரன் போட்டிருந்த பட்டியலில் முதல் பெயரும் அவளுடையதுதான்.

சாயந்திரம் மயிலாப்பூர் வீட்டில் அவள் கணவன் சுவாமிநாதன் வெறும் பக்கத்தை வெறித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தான்.

"என்ன யோசிச்சிண்டிருக்கே? வாங்கலாம்னு எழுதிடேன். உனக்கும் நல்லதுதானே?"

"அதனாலதான் எழுத முடியலை."

அவன் பேனாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

வியாழக்கிழமை ராகவேந்திரன் மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். கம்ப்யூட்டர், லைசென்ஸ், பம்பாய்ப் பதிலுக்குக் காத்திருக்கிற வாரங்கள், எல்லாம் இருந்தன. "பிரமாதம்," என்று மூடப்போனார்.

"ஒரு வரியை விட்டுட்டேன் சார். இனாயத் ஆபீஸ்ல டிரெய்னிங் போன ஆறு பேர்ல நாலு பேர் வெளிநாடு போயிட்டாங்க. நம்ம லிஸ்ட்ல முதல் பேர் என்னோடது."

அவர் நிமிர்ந்தார். "நீங்களுமா?"

"போயிடுவேன்னுதான் தோணறது சார்."

"இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே."

"சொல்லாம விட்டதைக் கண்டுபிடிக்கத்தானே சொன்னீங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் முடிவு வந்தது. இரண்டே லைசென்ஸ், புதிதாக வந்த ஒரு ஆஸ்பத்திரி வேலைக்கு மட்டும். பழைய இருபத்திரண்டும் பழையபடியே. பயிற்சிக்குப் பம்பாய் போவது ஹம்சாவுக்குக் கீழே வேலை பார்த்த நந்தகுமாரும் ஜான்சியும். ஹம்சாவின் பெயரை அடித்திருந்தார்.

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. ஜான்சி புது ஸ்க்ரீனைக் காட்டிப் பேசும்போதெல்லாம் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தன்னையே பல தடவை திட்டிக்கொண்டாள். ஆனாலும் மறுபடி கேட்டால் அதையேதான் சொல்வாள் என்பதும் தெரிந்தது. அதுதான் கூடுதல் எரிச்சல்.

பம்பாயிலிருந்து திரும்பிய ஒன்பதாவது மாதம் நந்தகுமார் ராஜினாமாக் கடிதம் கொடுத்தான். நியூஜெர்சியில் வேலை. ஆஸ்பத்திரி வேலை பாதியில் நின்றது, ஜான்சி தனியாகத் திண்டாடினாள். அன்று மத்தியானம் ராகவேந்திரன் ஹம்சாவின் மேஜைக்கே வந்தார்.

"நந்தகுமாருக்குப் பதிலா டிரெய்னிங்குக்குப் பம்பாய் போறீங்களா?"

"நான் அன்னைக்குச் சொன்னது மாறலை சார்."

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன். ஆஸ்பத்திரி வேலையை ஜான்சியோட சேர்ந்து முடிச்சுக் குடுத்துட்டு அமெரிக்கா போங்க, அது போதும்."

ஹம்சா சரி என்றாள். பம்பாய், அதற்கப்புறம் அமெரிக்கா என்று சுவாமிநாதனின் ஆபீஸுக்குப் போன் பண்ணிச் சொல்ல எழுந்து போனவள், நம்பரைச் சுழற்றுவதற்குள் இரண்டு தடவை ரிசீவரை வைத்துவிட்டு எடுத்தாள்.