கோசு லாரி

குளக்கரைச் சரிவில் ஒரு லாரி பின்பக்கத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பதை இருதயமேரி தூரத்திலேயே பார்த்துவிட்டாள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

போன வருஷம், அறுபத்தைந்து கோடையில், ஏதோ ஒரு லாரி இதே இடத்தில் அழுகல் மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. பத்தே நாளில் தண்ணீர் பச்சையாக நுரைத்து நாறியது. மழை வரும்வரை ஊரே செஞ்சிக்கோட்டை அடிவாரக் கிணற்றுக்கு நடந்து தண்ணீர் சுமந்தது. அப்போது அவள் ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. பிள்ளை தங்கவில்லை. தண்ணீர் சுமந்ததால்தான் என்று யாரும் சொல்லவில்லை. அவள் மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

டிரைவர் பின்கதவின் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கதவுக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"இது நாங்க குடிக்கிற தண்ணிண்ணே."

அதற்கு மேல் மூச்சு வாங்கியது. அவர் கொக்கியிலிருந்து கையை எடுத்தார். வீராசாமி என்று பெயர் சொன்னார். பெங்களூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு முட்டைக்கோசு ஏற்றி வந்தாராம். வழியில் ஆக்சில் முறிந்து மூன்று நாள் வெயிலில் நின்றதில் பாதி அழுகிவிட்டது. அதைக் கழிக்காவிட்டால் நல்லதும் கெட்டுவிடும். ஆடுமாடு இறங்கும் குட்டை என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார்.

"எங்கதான்மா கொட்றது? வழி பூரா ஊருதான் இருக்குது."

அதை அவள் யோசித்ததில்லை. சுற்றிலும் பார்த்தாள். கரைக்கு அந்தப் பக்கம், அவள் புருஷன் பாக்கியசாமி பாதி தோண்டி வைத்திருந்த எருக்குழி இருந்தது. லாரி அங்கே போகாது. பக்கத்துக் கொல்லையில் இருந்த நாகம்மாளைக் கூப்பிட்டாள். இன்னும் மூன்று பெண்கள் கூடையோடு வந்தார்கள். வீராசாமியும் துண்டைச் சும்மாடாக்கிச் சுமந்தார். கோசை அதுவரை அவர்கள் யாரும் சமைத்ததில்லை. கூடையிலிருந்து வழிந்த நாற்றத்தில் ஒருத்தி வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி தூக்கினாள். உச்சிப்பொழுதுக்கு முன்னால் குழி நிரம்பி, மேலே மண்ணும் விழுந்துவிட்டது.

புறப்படும்போது வீராசாமி ஆளுக்கு இரண்டு நல்ல கோசு கொடுத்தார். இது குடிதண்ணீர் என்று மற்ற டிரைவர்களிடமும் சொல்வதாகச் சொன்னார். சொல்வாரோ என்னவோ.

லாரி வளைவைத் தாண்டிய பிறகுதான் இருதயமேரிக்கு அழுகை வந்தது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாகம்மாள் பின்னால் உட்கார்ந்து அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த அழுகல் இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அதான் போயிடுச்சே, இன்னாத்துக்கு அழுவுற?"

"தெரியலக்கா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

நடுக்குளத்தில் ஒரு முக்குளிப்பான் பறவை தலைகீழாக உள்ளே போனது. அலை வட்டம் விரிந்து அடங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். வெகுதூரம் தள்ளி, எதிர்க்கரைப் பக்கம், அது தலையைச் சிலிர்த்துக்கொண்டு மேலே வந்தது.