கணக்கப்பிள்ளையின் பின்பிரேக்

கிருஷ்ணகுமாரின் மோட்டார் சைக்கிளில் பின்பிரேக் கொதிக்கத் தொடங்கி மூன்று மாதமாகிறது. மேல் டிவிஷனிலிருந்து இறங்கி ஏழாம் நம்பர் மலையில் நிறுத்தினால், பின்சக்கரத்து ட்ரம்மில் ஈரக்கையைக்கூட வைக்க முடியாது. பெடலை மிதித்தால் மெத்தென்று உள்ளே போகும். வண்டி மனசில்லாமல் நிற்கும். லைனர் மாற்றிப் பார்த்தாயிற்று. மூன்றாம் வாரமே மறுபடியும் பழைய கதைதான்.

அவன் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிப்பவர்களை மலையில் மேற்பார்க்கிற உத்தியோகம். யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்று புத்தகத்தில் போடுவது அவன் கைதான்; அரைப்பேர் விழுந்தால் அன்றைய சம்பளத்தில் பாதி போச்சு. தோட்டத்து வரிசைவீடான லயத்தில் பிறந்து, அக்கா ஜீவராணி கொழுந்து பறித்துப் படிக்கவைத்து இந்த இடத்துக்கு வந்தவன். அதனாலேயே மற்றக் கணக்கப்பிள்ளைமாரைவிட ஒரு பிடி கூடுதலாக விறைப்பாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டான். நம்ம பையன்தானே என்று யாருக்கும் இளக்காரம் வந்துவிடக் கூடாதாம்.

அதற்கு அவன் ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தான். தட்டுப்பாட்டில் பெட்ரோலுக்கு வரிசையில் கிடந்த வருடத்தில், பள்ளம் வந்தால் எல்லாரும் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டித்தான் இறங்கினார்கள். வரிசை ஒழிந்ததும் மற்றவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். கிருஷ்ணகுமார் விடவில்லை. ஒருநாள் அப்படிச் சத்தமில்லாமல் இறங்கி வந்தபோது, ஏழாம் நம்பரில் மூன்று பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்ததைக் கண்டான். மூன்று பேருக்கும் அரைப்பேர் போட்டான்.

அன்றிலிருந்து மாரியம்மன் கோயில் திருப்பம் வந்தால் அவன் கை தானாகச் சாவியைத் திருப்பும். அங்கிருந்து இரண்டு மைல் பள்ளம், ஒன்பது வளைவு. முன்பிரேக்கைப் பிடித்தால் கீச்சென்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதைத் தொடுவதே இல்லை. வலது காலைப் பின்பிரேக்கில் ஊன்றியபடி, பூனை மாதிரி வருவான். முதல் மாதம் ஒன்பது பேர் அகப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஒருத்தியும் அகப்படவில்லை. எந்த நேரத்தில் வந்தாலும் எல்லாரும் நின்றபடி மும்முரமாகப் பறித்துக்கொண்டிருந்தார்கள். தன் கண்டிப்பால் மலையே திருந்திவிட்டது என்று அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். தோட்டத்து மேனேஜர் பெரிய துரைகூட ஒருமுறை மெச்சினார்.

பிரேக்தான் திருந்தவில்லை. லைனர் போட்டவர் மெக்கானிக் அப்லால் பாஸ். மாவனல்லை ஆள், பலாங்கொடை பஸ் திரும்புகிற சந்தியில் இரண்டு வருடமாகத் தகரக் கொட்டகை போட்டு கராஜ் நடத்திக்கொண்டிருந்தார். நல்ல கை, குறைந்த பேச்சு. புது லைனரும் கருகிய அன்று கிருஷ்ணகுமார் சந்தித் தேத்தண்ணிக் கடையில் நின்று, பத்துப் பேர் கேட்க, அந்தப் பாஸ் டுப்ளிகேட் சாமான் போட்டு ஊரை ஏமாற்றுகிறார் என்று சத்தமாகச் சொல்லிவிட்டான். எதிரே தன் கொட்டகை வாசலில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த அப்லாலுக்கும் அது கேட்டது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

கணக்கப்பிள்ளை சொன்ன வார்த்தைக்கு லயத்தில் மறுபேச்சு ஏது? இரண்டு வாரத்தில் தோட்டத்து வண்டிகள் எல்லாம் கராஜைத் தாண்டி டவுனுக்குப் போகத் தொடங்கின. அப்லால் கொட்டகையைக் காலிசெய்யப்போகிறார் என்று பேச்சு வந்தது. மாதக் கடைசியில் மாவனல்லைக்கே போய்விடுவதாகவும், போவதற்குமுன் அந்த வண்டியை ஒருதரம் கொண்டுவரச் சொன்னதாகவும் தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார். தான் விட்ட பிழை என்ன என்று தெரியாமல் போகக் கூடாது என்றாராம்.

ஒரு வியாழக்கிழமை காலையில் கிருஷ்ணகுமார் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். சண்டை வரும் என்று எதிர்பார்த்து, பதிலெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தான். சண்டை வரவில்லை. அப்லால் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். அது எங்கும் உரசாமல் சுற்றியது. பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிடிக்கிறதற்குமுன் இருக்கவேண்டிய இடைவெளி சரியாக இருந்தது. கம்பி இறுகவில்லை, விட்டதும் திரும்பி வந்தது. சக்கரத்தைக் கழற்றினார். ஸ்பிரிங் இரண்டும் நன்றாக இருந்தன. லைனர் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளவென்று வெந்து போயிருந்தது. ட்ரம்மின் உள்பக்கம் நீலம் பாய்ந்திருந்தது.

அப்லால் லைனரை மணலில் தேய்த்துத் துடைத்து மாட்டிக்கொண்டே யோசித்தார். பிரேக் தானாகப் பிடித்திருந்தால் சக்கரம் இப்படிச் சுற்றாது, ஏறும்போதும் சூடாகும். இது இறங்கும்போது மட்டும் சூடாகிறது. அப்படியென்றால் யாரோ அழுத்துகிற சூடு.

"நீங்க டெய்லி போற மாதிரியே ஓட்டுங்க கணக்கப்பிள்ளை. நான் பின்னால குந்திக்கொண்டு வாரேன்" என்றார்.

மேல் டிவிஷனுக்கு ஏறும்போது கிருஷ்ணகுமாருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோயில் திருப்பம் வந்து, பழக்கத்தில் கை சாவிக்குப் போனபோதுதான் பின்னால் ஆள் இருப்பது ஞாபகம் வந்தது. பின்னாலிருந்து அப்லால், எந்த கியரில் இறங்குவீர்கள் என்று கேட்டார். அந்தக் கணத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இன்ஜின் பிடிக்கவேண்டிய பாரத்தையெல்லாம் இத்தனை மாதமாக அந்தச் சின்ன லைனர் பிடித்திருக்கிறது. சாமானில் பிழை இல்லை. பிழை தன் வலது காலில். அவன் சாவியிலிருந்து கையை எடுத்தான்.

"ரெண்டுலதான் பாஸ்" என்று கூசாமல் பொய் சொன்னான்.

இரண்டாம் கியரில், இன்ஜின் உறும உறும, ஒன்பது வளைவும் இறங்கினான். ஏழாம் நம்பரில் வண்டி நின்றதும் முதலில் கண்ணில் பட்டது பிரேக் அல்ல. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆறு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தேத்தண்ணிப் போத்தலை வாயில் கவிழ்த்திருந்தாள். ஜீவராணி பாவாடையை முழங்கால்வரை ஏற்றி, வீங்கிய மூட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எல்லாரும் அடித்துப்பிடித்து எழுந்தார்கள். ஜீவராணியால் மட்டும் உடனே எழுந்திருக்க முடியவில்லை.

"நீயா தம்பி?" என்றாள் அவள், செடியைப் பிடித்துக்கொண்டு. "வண்டிச் சத்தம் கேட்டுச்சு. வேற யாரோன்னு இருந்துட்டோம். நீ வந்தா பிரேக்கு கருகுற வாடைதானே முன்னாடி வரும். அது வந்தாத்தான் நாங்க எந்திரிக்கிறது."

சொல்லிவிட்டுத்தான் பின்னால் இருக்கிற அப்லாலைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஷாமிளா என்ற பெண் கூடையைத் தலையில் மாட்டியபடி, இன்றைக்கு எல்லாருக்கும் அரைப்பேரா என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

மலை திருந்தவே இல்லை. மேல் வளைவிலிருந்து வருகிற கருகல் வாடையை மோந்து, இத்தனை நாளாக அவனுக்கு வேடம் காட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. துரை மெச்சியபோது தான் கையைக் கட்டிக்கொண்டு சிரித்து நின்றது ஞாபகம் வந்தது. அப்லால் இறங்கி, போத்தலில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் ட்ரம்மில் ஊற்றினார். தண்ணீர் ஆவி பறக்காமல் அமைதியாக வழிந்து மண்ணில் சொட்டியது. அவர் ஒருதரம் பெண்களைப் பார்த்தார், ஒருதரம் அவனைப் பார்த்தார்.

சந்திக்குத் திரும்பி, கொட்டகை வாசலில் இறங்கியதும் அப்லால் மெதுவாகச் சொன்னார்:

"சாமான்ல கொற இல்லண்டு எனக்குத் தெரிஞ்சாப் போதும். ஆராவது கேட்டா, ஸ்பிரிங் பழுது, மாத்திட்டேண்டு சொல்றேன். நீங்க ஒண்டும் சொல்லத் தேவல்ல."

அவர் திட்டியிருந்தால் கிருஷ்ணகுமார் தாங்கியிருப்பான். தயார் பண்ணிய பதில்கள்தான் இருந்தனவே. இதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தான். தலையை ஆட்டியதுதான் அன்றைக்கு அவன் செய்ததிலேயே கேவலமான காரியம் என்று வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது அவனுக்கே உறைத்தது. பேர் தன்னுடையது கெடாமல் இருக்கட்டும், அவருடையது கெட்டால் கெடட்டும் என்றுதானே அதற்கு அர்த்தம்? கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் ஆட்களை மலை மலையாகப் பிரித்து அனுப்புகிற நேரம். நூற்றுச் சொச்சம் பேர் நின்றார்கள். பேர் வாசித்து முடித்து, புத்தகத்தை மூடி, அவன் தொண்டையைச் செருமினான்.

"அப்லால் பாஸ் போட்டது நல்ல சாமான். அது கருகினது என்னாலதான். நீங்க உக்காந்திருக்கிறப்ப புடிக்கணும்னு இன்ஜின அணைச்சிட்டு, பிரேக்க அமுத்திக்கிட்டே வந்தேன். பழிய அவர் மேல போட்டேன். இனிமே சத்தத்தோடதான் வருவேன். கொஞ்ச நேரம் உக்காந்தா அரைப்பேர் போடமாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்வரிசையில் ஒருத்தர் இருமினார். அக்கா தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். பிறகு எல்லாரும் கூடையை எடுத்துக்கொண்டு வழக்கம்போல மலைக்கு நடந்தார்கள்.

அன்று மாலையே தோட்டத்து ஆட்டோ ஒன்று அப்லாலின் கொட்டகைக்குள் போனது. அடுத்த வாரம் நாலு வண்டி நின்றன. மாதக் கடைசி வந்தது, அவர் போகவில்லை. கிருஷ்ணகுமார் தேத்தண்ணிக் கடையில் மன்னிப்புக் கேட்கப் போனபோது, அவர் அவனுக்கும் சேர்த்து ஒரு தேத்தண்ணி சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசினார்.

அதற்கடுத்த நாளும் அவன் கோயில் திருப்பத்தில் சாவியைத் தொடாமல், இரண்டாம் கியரில், ஊருக்கே கேட்கிற மாதிரி இறங்கி வந்தான். வேண்டுமென்றே ஹார்னும் அடித்தான். ஏழாம் நம்பரில் எல்லாரும் நின்றபடி பறித்துக்கொண்டிருந்தார்கள். ஜீவராணியும் நின்றாள். அவள் காலடியில் சாக்கு விரித்தபடி கிடந்தது. நடுவில் உட்கார்ந்த பள்ளம் இன்னும் நிமிரவில்லை. ஒரு கை கொழுந்தில், ஒரு கை முழங்காலில்.

அவன் வண்டியை நிறுத்தி இறங்கிப் போனான்.

"உக்காருக்கா" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை, ஆறுதல் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

"நீ போ தம்பி. நீ போனதும் உக்காந்துக்கிறேன்."

கிருஷ்ணகுமார் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. வண்டியைக் கிளப்பி, கடைசி வளைவு தாண்டும்வரை இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டே போனான். தான் போய்விட்டது அக்காவுக்குக் கேட்கவேண்டுமே.