படுத்துக்கொண்ட கார்

எழுபத்தைந்து வயதுக்குள் உடையப்பன் ஒரு காரின் ஓட்டுநர் இருக்கையில் இரண்டே முறைதான் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு முறையும் கார் கெட்டுப்போனது. அப்படித்தான் அவர் நம்பினார்.

இரண்டாவது முறை நேற்று மாலை. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் அவருடைய எதிர்வீட்டுக்குக் குலசிங்கம் குடிவந்து மூன்று வாரம்தான் ஆகிறது. நில அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். வழக்கமாகக் கொட்டகைக்குள் பூட்டி வைக்கும் தன் பழைய சித்ரோன் காரை அன்று வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே போன் அடிக்கிறதென்று ஓடினார். 1972ஆம் வருடத்துப் பிரெஞ்சுக் கார். ஈப்போவில் நான்கு பட்டறைக்காரர்கள் அதன் மூடியைத் திறந்து பார்த்து, மரியாதையாக மூடி, ஒரு தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கதவு திறந்து கிடந்தது. உடையப்பனுக்கு என்ன வந்ததோ, ஏறி உட்கார்ந்துவிட்டார். அரை நிமிடம் இருக்கும். ஒற்றைக் கம்பி ஸ்டீரிங்கைத் தொடக்கூட இல்லை. பிறகு பயம் வந்து, இறங்கி, கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

காலையில் பேப்பர் எடுக்க வெளியே வந்தவர் எதிரே பார்த்தார். கார் தரையோடு தரையாக வயிற்றை வைத்துப் படுத்திருந்தது. டயர்கள் பாதிக்குமேல் உள்ளே போயிருந்தன. இதே காட்சியை உடையப்பன் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறார்.

அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. சிம்பாங் பூலாய்க்கு உள்ளே ஒரு ரப்பர் எஸ்டேட்டில், தொரை பங்களாவில் கார் கழுவும் வேலை. கம்பெனியின் பெரிய தொரை ஒருவர் தோட்டத்தைப் பார்வையிட வந்து ஓர் இரவு தங்கினார். இதே மாதிரிக் கார். "ஒரு கீறல் விழுந்திச்சு, ஒன் குடும்பமே லயத்து வீட்ட காலி பண்ணணும்," என்றார் ஆபீஸ் கிராணி சின்னையா. பார்த்தது குமாஸ்தா வேலை, குரல் மட்டும் கவர்னர் குரல். உடையப்பன் கழுவித் துடைத்தார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் உள்ளே உட்கார்ந்தும் பார்த்துவிட்டார். மறுநாள் ஐந்தரைக்குப் பனி துடைக்கப் போனால், கார் தரையில் கிடந்தது.

தான் காணாமல் போய்விட்டால் பழியும் தன்னோடு போய்விடும், அம்மாவை லயத்திலிருந்து விரட்ட மாட்டார்கள் என்று அந்த இருட்டில் அவருக்குத் தோன்றியது. ரப்பர் நிரைகளுக்கு நடுவே ஓடிப் பெரிய ரோட்டில் ஒரு லோரியை நிறுத்தி ஈப்போ வந்துவிட்டார்.

அதற்கப்புறம் எஸ்டேட்டுக்குள் அவர் கால் வைக்கவில்லை. சுண்ணாம்பு ஆலையில் வேலை, கல்யாணம், பிள்ளைகள், எல்லாம் ஈப்போவிலேயே. அம்மா மாதம் ஒருமுறை முருங்கைக்கீரைக் கட்டோடு பஸ் ஏறி வருவாள். ஏன் ஓடினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எவ்வளவு பெரிய மனசு என்று உடையப்பன் உருகிப்போவார். அவள் செத்தபோதும் எஸ்டேட் வாசல்வரைதான் போனார். தப்பு மேளச் சத்தம் நிற்கும்வரை அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினார். தம்பிதான் எல்லாக் காரியமும் செய்தான். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, தொரையும் இல்லை. பாதி செம்பனைத் தோட்டம், பாதி தாமான் வீடுகள். இருந்தாலும் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் மோட்டார் சைக்கிளைச் சுற்றுவழியில்தான் விடுவார்.

மறுபடியும் ஓடிவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தார். எங்கே ஓடுவது? போகத் தெரிந்த ஒரே ஊர் சிம்பாங் பூலாய். அங்கிருந்துதான் முதலில் ஓடிவந்ததே. கடைசியில் நீளக் கால்சட்டை போட்டுக்கொண்டு, போலீஸ் கேட்டால் காட்டுவதற்கு அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, ரோட்டைக் கடந்தார். காலங்காத்தால இந்த வேஷம் எதற்கு என்று புரியாமல் மனைவி குமுதாவும் பின்னாலேயே வந்தாள்.

"சார், ஒங்க காடிய நாந்தான் கெடுத்துட்டேன்லா. நேத்து உள்ள உக்காந்துட்டேன்," என்று தொடங்கினார் உடையப்பன். குமுதாவிடம்கூடச் சொல்லாத அந்தப் பழைய கதையையும் கேட் அருகே நின்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

குலசிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். காரில் ஏறிச் சாவியைத் திருகினார். என்ஜின் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. முதலில் பின்பக்கம் மெல்ல எழுந்தது. சற்றுப் பொறுத்து முன்பக்கமும் எழுந்தது.

"இதுக்கு ஸ்பிரிங் இல்லை அண்ணே," என்றார். "இரும்பு உருண்டையளுக்குள்ள காஸும் பச்சை எண்ணெயும்தான். எஞ்சின் ஓடினாத்தான் எண்ணெய்க்கு அழுத்தம். நிப்பாட்டினா மெல்ல மெல்லப் படுத்திடும். புதுசெண்டா விடியிறதுக்குள்ள படுக்கும். இது வயசாளி, அரை மணித்தியாலம் போதும். பழுதாகேல்லை, நித்திரை கொள்ளுது."

"அப்ப அந்தப் பெரிய தொரை?"

"விடியக்காலமை வந்து ஸ்டார்ட் பண்ணியிருப்பார். ஒரு நிமிஷத்தில எழும்பியிருக்கும். ஏறிப் போயிருப்பார்."

"ஒரு நிமிசமா?"

"குளிரெண்டா ரெண்டு."

உடையப்பன் கேட்டைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் அவரை யாரும் தேடவே இல்லை. சின்னையா கோபப்படக்கூட இல்லை. அம்மா பெரிய மனசோடு மன்னித்தாள் என்று நினைத்தாரே, அங்கே மன்னிப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

"அப்ப அம்மா ஏன் ஒண்ணுமே கேக்கல?" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

குமுதா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "அத்தை எங்கிட்ட சொல்லியிருக்கு. நீங்க ஓடுனதுக்கு மொத நாளு, சீட்டு ஆடுனதுக்கு வெளக்கமாத்தால அடிச்சிச்சாமே. அந்த ரோசத்துலதான் ஓடிட்டீங்கன்னு நெனச்சுக்கிச்சு. கேட்டா நீங்க இன்னும் கோச்சுக்குவீங்கன்னு பயம். சாகுற வரைக்கும் அதத்தான் சொல்லிச்சு, ஒரு அடிக்காக புள்ளைய தொலச்சிட்டேன்னு."

உடையப்பனுக்கு அந்த அடி நினைவில்கூட இல்லை. ரோட்டில் நின்று, நீளக் கால்சட்டையோடும் அடையாள அட்டையோடும், வாய்விட்டு அழுதார். நில அலுவலகத்தில் முப்பது வருடம் அழுகிறவர்களைப் பார்த்துப் பழகிய குலசிங்கம், காரின் முன்கதவைத் திறந்துவிட்டார்.

சிம்பாங் பூலாய் வந்ததும், எஸ்டேட்டுக்குள் குமுதாதான் வழி சொன்னாள். அவள் வருடா வருடம் வந்துகொண்டுதான் இருந்தாள். செம்மண் தடம் பள்ளமாக இருந்தது. குலசிங்கம் ஒரு கம்பியைத் தள்ளியதும் கார் இன்னும் ஒரு சாண் உயர்ந்துகொண்டது. செம்பனை ஓரத்தில், அம்மாவுக்குத் தம்பி கட்டிய சிமெண்டுச் சமாதிக்கு அருகே வண்டியை நிறுத்தி அணைத்தார்.

உடையப்பன் சமாதி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். "வெளக்கமாத்துக்கு இல்லம்மா," என்றார். "காடிக்குத்தான் பயந்துட்டேன்." அதையே மூன்று நான்கு தடவை சொன்னார். குமுதா புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் போயிற்று.

"என்னங்க, காடி படுத்துருச்சு," என்றாள்.

"படுக்கட்டும். சாவியத் திருகுனா எந்திரிச்சுக்கும்," என்றார் உடையப்பன். அவர் எழுந்திருக்கவில்லை.