ஓடை வளைவில் பன்றிகள்

லவாக்கா ஆற்றுப் பக்கம் அந்த வருஷம் ஜூனோடு மழை நின்றுபோனது. ஆகஸ்டில் புல் காய்ந்து, மிதித்தால் நொறுங்கியது. அடேலாவின் மாடுகள் குடிக்கும் குட்டை பாதியாகச் சுருங்கிவிட்டது. மிஞ்சிய தண்ணீரையும் காட்டுப்பன்றிகள் வந்து உழப்பிச் சேறாக்கின. மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பின.

கணவன் எர்வின் முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு இருந்தான். "அடுத்த மாசம் நான் பாத்துக்கறேன்" என்றான்.

"அடுத்த மாசம் குட்டை இருக்கணுமே" என்று சொல்லிவிட்டு அடேலா அவனுடைய ரைஃபிளை எடுத்துக்கொண்டாள். அட்டையில் வரைந்த குறியில் சுட்டுப் பழகியிருந்தாளே தவிர, உயிருள்ள எதன்மேலும் அவள் குறிவைத்ததில்லை. துணைக்கு நாத்தனார் அல்பினா வந்தாள். தபால் ஆபீசில் வேலை பார்ப்பவள். பன்றியைத் தட்டில்தான் பார்த்திருக்கிறாள்.

"ஒரு தவளையாவது பிடிச்சிட்டு வாங்க" என்று எர்வின் வழியனுப்பினான்.

விடியும் முன்பே இருவரும் குட்டைக்கரை ஓக் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அல்பினா பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினாள். வெளுக்கத் தொடங்கியபோது எதிர்க்கரையில் கறுப்பாக நாலைந்து உருவங்கள் இறங்கின. முன்னால் வந்தது மூக்கைத் தூக்கியது. 'ஹுஃப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், கூட்டம் புதருக்குள் மறைந்தது. அடேலா துப்பாக்கியைத் தோளுக்குக்கூடக் கொண்டு வரவில்லை.

"நான் மூச்சே விடலையே அண்ணி!"

"மூச்சு விடல. காபி வாசனை விட்ட, சென்ட் வாசனை விட்ட. காத்து நம்ம முதுகுலேருந்து நேரா அதுங்க மூக்குக்குப் போகுது."

"சென்ட் இல்ல, சோப்பு."

"பன்னிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வேலிக்கம்பம் ஒன்றின் பக்கத்தில் அடேலா நின்றாள். முழங்கால் உயரத்துக்குச் சேறு அப்பியிருந்தது. தொட்டாள், வெயில் ஏறியும் காயவில்லை. அடிக்கம்பியில் முரட்டு மயிர் சிக்கியிருந்தது.

"இப்பதான் உரசிட்டுப் போயிருக்கு. தண்ணிய விட்டு ரொம்ப தூரம் போகாது, வா பாப்போம்."

தடம் சரிவில் இறங்கி ஓடைக்குப் போனது. ஓடை வெறும் மணல்தான். ஆனால் வளைவில், பெக்கான் மரங்களுக்குக் கீழே மட்டும் பச்சை தெரிந்தது. அங்கே ஊற்று கசிந்தது. கிளறிய சேற்றில் பள்ளங்கள். புதர் அடர்ந்த நிழல். கெட்ட வாடையும் வந்தது.

"இங்கதான் பகலெல்லாம் படுத்துக் கெடக்குதுங்க" என்று கிசுகிசுத்தாள் அடேலா. அல்பினா ஒரு எட்டு முன்னால் வைக்க, சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இப்ப உள்ள போனா வேற ஊருக்குக் குடி போயிடும். சாயங்காலம் தண்ணிக்கு எந்திரிச்சு வரும். அப்ப வருவோம்."

வெயில் தாழ்ந்ததும் திரும்பினார்கள். காபி இல்லை, சோப்பும் இல்லை. அல்பினா ஒரு சிட்டிகை மைதா மாவை மேலே ஊதினாள். அது திரும்பி அவள் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டது.

"காத்து நம்ம பக்கம் வருது அண்ணி. மூஞ்சியே சாட்சி."

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடையின் மேட்டில் படுத்தார்கள். வெகுநேரம் கழித்து உறுமல் கேட்டது. முதலில் ஒரு தாய்ப்பன்றி, பின்னால் குட்டிகள். சுடச் சொல்லி அல்பினா கிள்ளினாள். அடேலா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நாளைக்கு இந்தக் குட்டிகளும் குட்டையை உழப்பும் என்று தெரியும். ஆனாலும் விரல் ஒத்துழைக்கவில்லை. கடைசியாக இளம் ஆண்பன்றி ஒன்று வந்து பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குச் சற்று மேலே குறிவைத்து விசையை அழுத்தினாள்.

அது அந்த இடத்திலேயே விழுந்தது. மற்றவை திசைக்கொன்றாகச் சிதறின. ஒன்று நேராக மேட்டில் ஏறி இவர்கள் நடுவே பாய்ந்து ஓடியது. அடேலா உருண்டு எழுந்தபோது, அல்பினா பெக்கான் மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"போயிடுச்சா?"

"அது அடுத்த ஜில்லாவுக்கே போயிருக்கும். இறங்கு."

இருவரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு அடேலா பின்பக்கமாகப் போய் நீளக் குச்சியால் பன்றியின் கண்ணைத் தொட்டாள். அது அசையவில்லை. தொப்பியைக் கழற்றினாள். வருத்தமா என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

கையுறை மாட்டிக்கொண்டு இருவருமாக அதை டிரக்கில் ஏற்றினார்கள். வீட்டில் எர்வின் குண்டு பாய்ந்த இடத்தைக் குனிந்து பார்த்தான்.

"நானே சுட்டிருந்தாலும் இதவிட நல்லா சுட்டிருக்க மாட்டேன்."

"தெரியும். பூண்டு உரி" என்றாள் அடேலா.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து உரித்தான். சனிக்கிழமை முழுக்க புகைக்கூடத்திலிருந்து சாசேஜ் வாசனை வந்தது. துப்பாக்கிச் சத்தத்தில் மிரண்ட பன்றிகள் சில நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. குட்டையில் சேறு படிந்து தண்ணீர் தெளிந்தது. திரும்ப வரும் என்று அடேலாவுக்குத் தெரியும். வரட்டும், எங்கே தேடுவது என்று இப்போது புரிந்துவிட்டது.

அல்பினா தபால் ஆபீசில், பன்றிகள் எந்தப் பக்கம் ஓடின என்று பார்க்கத்தான் மரத்தில் ஏறினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்டாம்ப் வாங்க வந்த அடேலா பக்கத்திலேயே நின்று, ஆமாம் என்று தலையாட்டினாள்.