கைக்கு வாங்கிய க்ரீம்

கொழுப்புப் பூசாத வெறும் சிப் வாயைத் திறக்கக் கூடாது. சிப்பில் இருக்கும் கிராபீன் என்கிற, ஓர் அணு கனமே உள்ள கார்பன் தாளின் மேல் லிப்பிட் கொழுப்பை இரண்டடுக்காக விரித்தால்தான், நச்சுத்துளி பட்டதும் திரையில் மின்னோட்டக் கோடு இறங்க வேண்டும். ஆய்வு மாணவியின் ஐந்து வருட உழைப்பு அது. திங்கட்கிழமை தேர்வாளர்கள் முன் நின்று அதைச் சொன்னால் டாக்டர் பட்டம்.

ஒப்பிட்டுப் பார்க்கும் வெறும் சிப்புகளை எப்போதும் செய்து தருபவள் பக்கத்து மேசைக்காரி. அவள் விடுப்பில் போனதால் இன்று இவளே செய்தாள். கொழுப்பே இல்லாத சிப்பில் துளி விழுந்ததும் கோடு சரசரவென்று இறங்கியது. அடுத்த இரண்டு சிப்பிலும் அதே கதைதான்.

பாழாய்ப்போன மூளைக்கு அப்போதுதான் உறைத்தது. விரல்களில் க்ரீம் மினுமினுத்தது. ஓயாமல் ஸ்பிரிட்டில் கழுவி வெடித்த கைக்காகக் கணவர் வாங்கித் தந்தது. அந்தக் கையால் இழுத்து மாட்டினால் கையுறையின் வெளிப்புறமெல்லாம் பிசுக்கு. கிராபீனோ காற்றில் இருக்கும் பிசுக்கைக்கூட விடாத ஜென்மம்.

முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். புதுக் கையுறை, புது இடுக்கி. முறைப்படி லிப்பிட்டை விரித்துத் துளியை விட்டாள்.

“இறங்கித் தொலையேன், உன்னைக் கும்பிடறேன்” என்று திரையிடம் கெஞ்சினாள்.

கோடு செத்த பாம்பாகக் கிடந்தது. நான்கு சிப்பில் செய்து பார்த்துவிட்டாள். அப்படியானால் இத்தனை நாள் கோட்டை இறக்கியது லிப்பிட் இல்லை, அவள் கை க்ரீம். பிறகு கணவரை அழைத்தாள்.

“அந்தக் கை க்ரீம் முதல்ல எப்பங்க வாங்கினீங்க?”

“ஏன், தீந்துபோச்சா?”

“எப்பன்னு சொல்லுங்க!”

“போன வருஷம். உனக்கு முதல் தடவையா ரிசல்ட் வந்து வீடே அதிரக் குதிச்சியே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. ராசியான டப்பாம்மா அது! அதான் தீரத் தீர அதையே வாங்கறேன். திங்கட்கிழமைக்குப் புதுசு ஒண்ணு உன் பையிலயே போட்டிருக்கேன் பாரு.”

பையைத் திறந்தாள். இருந்தது. டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

“என்னம்மா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். டப்பாவையும் நான்கு வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு போய், தன் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரின் கதவைத் தட்டினாள்.

“வாங்க டாக்டரம்மா!” என்றார் அவர் உள்ளேயிருந்து. ஒரு வாரமாகவே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.